பொறுமையாக ஊட்டக் கற்ற கதை

எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குழந்தையைப் பார்த்ததும், அதன் வயிற்றுக்குள் உடனே நிறைய எதையாவது போட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அன்றைய டாக்டருக்கும் அப்படித்தான் தோன்றியது. உடம்பு வறண்டிருக்கிறதே என்று சலைன் ஏற்றினார். கண்ணிமை வெளுத்திருக்கிறதே என்று இரும்புச்சத்து கொடுத்தார். கால் வீங்கியிருந்தால் நீர் பிரிய மருந்து, சதை பிடிக்கப் புரதம் செறிந்த பால். எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ விடியற்காலையில் நர்ஸ் வந்து தொட்டால் குழந்தை சில்லிட்டுப் போயிருக்கும். கொண்டுவரும்போதே கடைசிக் கட்டம் என்று கேஸ் ஷீட்டில் எழுதி முடித்துவிடுவார்கள்.

ஏதோ ஒரு ஊரின் கதையல்ல இது. 1996-ல் ஸ்கோஃபீல்ட், ஆஷ்வொர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளிலிருந்து வெளிவந்த மருத்துவமனைக் கணக்குகளைத் தொகுத்தார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவால் சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் இறந்திருந்தார்கள். 1950-களில் இருந்த அந்த விகிதம் 1990-களிலும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. நடுவில் மனிதன் நிலவுக்குப் போய் வந்துவிட்டான், இதய மாற்று அறுவை சிகிச்சை வந்துவிட்டது. பசியில் வாடிய குழந்தையின் கட்டிலருகே மட்டும் காலம் நகரவில்லை. ஆனால் அதே காலத்தில், அதே நோயை, நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவான இழப்போடு சமாளித்த இடங்களும் இருந்தன. அங்கே விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. பெரும்பாலும் செய்யாமல் விட்டவைதான் பிள்ளைகளைக் காப்பாற்றின.

கதை 1930-களின் ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. இன்று கானா என்று அழைக்கப்படும் கோல்டு கோஸ்ட்டில் வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கூழில் வளரும் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு விநோத நோயைக் கண்டார். கால், கை, முகம் வீங்கும். தோல் கருத்து உரியும். முடி செம்பட்டையாகும். பிள்ளை சிடுசிடுவென்று எதையும் வேண்டாமென்று தள்ளும். 1933-ல் இதைப் பற்றி எழுதினார். 1935-ல் லான்செட் இதழில், அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன பெயரிலேயே ‘குவாஷியோர்கர்’ என்று பதிவு செய்தார். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் மூத்தது மார்பை இழந்து மெலியும் என்பதை நம் கிராமத்துப் பாட்டிகளும் அறிந்திருந்தார்கள். சவலைப் பிள்ளை என்பார்கள். சிலர் தேரை விழுந்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நோயை அடையாளம் காண்பதில் பாட்டிகள் தவறவில்லை, வைத்தியத்தில்தான் தவறினார்கள். அந்தக் குறையைப் படித்தவர்களும் நெடுநாள் வைத்திருந்தார்கள்.

வில்லியம்ஸ் கண்டதை உலகம் ஒரே சொல்லாகச் சுருக்கிவிட்டது: புரதம். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளும் அந்தச் சொல்லுக்கே அடிமை. 1955-ல் ஐ.நா. அமைப்புகள் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை வைத்தன. மீன் மாவு, சோயா மாவு, கடலைப் பிண்ணாக்கு மாவு என்று ஆய்வுக்கூடங்கள் பரபரத்தன. மேலைநாடுகளில் மிஞ்சிய கொழுப்பெடுத்த பால்பவுடர் ஏழை நாடுகளுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

இதை முதலில் சந்தேகித்தவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அந்தக் கூடம் 1950-களின் இறுதியில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. ஒரே வறுமையில், ஒரே சாப்பாட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று வற்றி மராஸ்மஸ் ஆகிறது, மற்றொன்று வீங்கிக் குவாஷியோர்கர் ஆகிறது. புரதக் குறைவுதான் வீக்கத்துக்குக் காரணம் என்றால் இது எப்படி என்று அவர் 1968-ல் கேட்டார். அன்றாடச் சாப்பாட்டோடு சுமார் 300 கலோரி கூடுதலாகக் கொடுத்து, அதில் புரதத்தை மிகக் குறைவாக வைத்துப் பார்த்தபோதும் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இல்லாமற்போனது ஏதோ உயர்ரகப் புரதமல்ல, சோறுதான். 1974-ல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் லான்செட்டில், புரதப் பித்து ஒரு பெரும் படுதோல்வி என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார். உலகம் அவரைக் கேட்டதே தவிர, குன்னூரை அதிகம் கேட்கவில்லை. பழகிப்போன விஷயம்தான்.

வார்டில் பிள்ளை ஏன் இறந்தது என்ற கேள்விக்கு விடை ஜமைக்காவிலிருந்து வந்தது. ஜான் வாட்டர்லோ 1950-களில் கிங்ஸ்டனில் தொடங்கிய ஆய்வுப் பிரிவில், அவரும் அவருக்குப் பின் மைக்கேல் கோல்டன், ஆலன் ஜாக்சன் போன்றவர்களும் குழந்தையின் உடம்பை அணு அணுவாகக் கணக்கெடுத்தார்கள். பல மாதம் பட்டினி கிடந்த உடம்பு, வருமானம் நின்றுபோன குடும்பம் மாதிரி நடந்துகொள்கிறது. முதலில் பால்காரரை நிறுத்தும். பிறகு மின்விசிறியை, விளக்கை. கடைசியில் அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூலையில் சுருண்டுகொள்ளும். இதயம் மெதுவாகத் துடிக்கும், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளாது, ஈரல் சர்க்கரையைச் சேமிக்காது. உயிரணுக்களின் சுவரில் சோடியத்தை வெளியேற்றி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இயக்கமும் தளர்ந்துவிடும். உள்ளே உப்பு ஏறி, பொட்டாசியம் வடிந்துபோயிருக்கும்.

அந்த நிலையில் ஒரு பாட்டில் சலைன் ஏறினால் தளர்ந்த இதயம் தாங்காமல் நின்றுவிடும். நீர் பிரிக்கும் மருந்து, இருக்கும் கொஞ்சப் பொட்டாசியத்தையும் இழுத்துப் போகும். வீக்கம் அதனால் வடியாது. இரும்புச்சத்தைக் கட்டிவைக்கும் புரதம் ரத்தத்தில் குறைந்திருப்பதால், முதல் வாரத்தில் கொடுத்த இரும்பு கிருமிகளுக்குத் தீனியாகும். கிருமி எத்தனை இருந்தாலும் பல நேரம் காய்ச்சல் வராது, காய்ச்சலை உண்டாக்கவும் உடம்புக்குச் சக்தி வேண்டும் அல்லவா. காய்ச்சல் இல்லை, ஆகவே நோய்த்தொற்று இல்லை என்று டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதாமல் விடுவார். இரவு எட்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு அடுத்த வேளை என்றால், நடுவிலேயே ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்து, உடல் குளிர்ந்து, குழந்தை தூக்கத்திலேயே போய்விடும். விடியற்காலை மரணத்துக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

இந்த அறிவெல்லாம் திரண்டு 1999-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடாக வந்தது. பத்துப் படிகள். அவற்றின் சாரத்தைப் பாட்டி பாஷையில் சொன்னால், கதகதப்பாக வை, ராத்திரியிலும் எழுப்பி ஊட்டு, கிருமி இருக்கிறது என்றே வைத்துக்கொள், அவசரப்படாதே. முதல் சில நாட்களுக்கு எஃப்-75 என்ற பால். நூறு மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. கொழுப்பெடுத்த பால்பவுடர், சர்க்கரை, தானிய மாவு, எண்ணெய், தாது உப்புக் கலவை ஆகியவற்றைத் தண்ணீரில் காய்ச்சி ஆஸ்பத்திரிச் சமையலறையிலேயே செய்துவிடலாம். ஆறு கிலோ பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுமார் 65 மில்லி, அரைத் தம்ளர்கூட வராது. வயிற்றுப்போக்கு இருந்தால் சாதாரண உப்பு-சர்க்கரைக் கரைசலைவிட உப்பு குறைந்த, பொட்டாசியம் கூடிய தனிக் கரைசல். அதிர்ச்சி நிலைக்குப் போனால் ஒழிய டிரிப் கிடையாது. இரும்பு இப்போது வேண்டாம். பசி திரும்பி, பிள்ளை கிண்ணத்தை இழுத்துக் குடிக்கத் தொடங்கிய பிறகே அதைவிடச் செறிவான எஃப்-100 பால். அங்கிருந்து குதிரை வேகம்தான். கிலோவுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராமுக்கு மேல் எடை கூடினால் நல்ல தேர்ச்சி என்பது கணக்கு.

இந்த இரண்டு பால்களையும் வடிவமைத்ததில் கோல்டனுக்கும் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியானுக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் எனக்கு அந்தப் பத்துப் படிகளில் மிகவும் பிடித்தது ஒன்பதாவது, குழந்தையோடு விளையாடு என்பது. கிங்ஸ்டனிலேயே ஆய்வாளர் சாலி கிரந்தாம்-மெக்கிரகர் 1970-களில் செய்து காட்டியது அது. எடை தேறிய பிள்ளைகளும் அறிவு வளர்ச்சியில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். வார்டிலும், பிறகு வீட்டுக்குப் போய் வாரம் ஒருமுறையும், எளிய பொம்மைகளை வைத்துக்கொண்டு தாயோடு சேர்ந்து விளையாட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பேச்சிலும் புத்தியிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஆண்டுகள் கழித்தும் அந்த முன்னேற்றம் தெரிந்தது. நம் சிகிச்சை மையங்களில் இன்றும் முதலில் வெட்டப்படும் படி இதுவாகத்தான் இருக்கும். தராசில் ஏறாத எதற்கும் நம்மிடம் ரிஜிஸ்டர் இல்லை.

வார்டு முறை எவ்வளவு திருந்தினாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. அம்மா. ஒரு மாதம் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்றால், வீட்டில் மற்ற இரண்டு பிள்ளைக்கு யார் சோறு போடுவது, களையெடுப்புக்கு யார் போவது, கூலி யார் தருவது? பத்து நாளில் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ரெக்கார்டில் ‘ஓடிப்போனார்’ என்று எழுதுவார்கள். இருந்தவர்களுக்கும் பக்கத்துக் கட்டில் பிள்ளையிடமிருந்து அம்மையும் வயிற்றுப்போக்கும் வந்தன. ஊருக்கு ஊர் வார்டு கட்டவும் முடியாது. எஃப்-100 பாலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது. தண்ணீரில் கரைத்துவைத்த சத்துப் பால் குடிசையில் இரண்டு மணி நேரம் இருந்தால் கிருமிப் பண்ணை.

1990-களின் நடுவில் பிரியான் கண்ட விடை, தண்ணீரையே எடுத்துவிடுவது. பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்பு எல்லாவற்றையும் வறுத்த நிலக்கடலை விழுதில் குழைத்தார். எண்ணெய்க்குள் கிருமி வளராது, காய்ச்ச வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், கிழித்துக் கொடுத்தால் பிள்ளை தானே சப்பிச் சாப்பிடும். நியூட்ரிசெட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி அதை பிளம்பிநட் என்று பொட்டலமாக்கியது. 92 கிராம், 500 கலோரி.

2000-த்தில் எத்தியோப்பியாவில் மருத்துவர் ஸ்டீவ் காலின்ஸ் இதை ஊர்களுக்குக் கொண்டுபோய், வாரம் ஒருமுறை வந்து வாங்கிப் போங்கள் என்று தாய்களிடமே கொடுத்துப் பார்த்தார். மலாவியின் பிளான்டையர் நகரில் மருத்துவர் மார்க் மனாரி, பிள்ளைகளை வார்டிலிருந்து வீட்டுக்கே அனுப்பி அங்கே வைத்து ஊட்டச் சொன்னார். மற்ற மருத்துவர்கள் கைகொட்டிச் சிரிக்காத குறை. 2005-ல் வந்த அவருடைய குழுவின் ஆய்வில், வீட்டில் கடலை விழுது தின்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 79 பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் 46. அதே ஆண்டு நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. பெரும்பாலோர் மருத்துவமனைக் கட்டிலைத் தொடாமலே குணமானார்கள். 2007-ல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து, சிக்கல் இல்லாத பிள்ளைக்கு வீடே சரியான இடம் என்று அறிவித்தன. பசியில்லாத பிள்ளை, இருமலும் மயக்கமும் உள்ள பிள்ளை, வீக்கம் அதிகமான பிள்ளை, இவர்களுக்கு மட்டும் வார்டு.

கண்டுபிடிக்கும் வேலையும் கைமாறியது. அன்று தராசு, உயரப் பலகை, அட்டவணை, அதைப் படிக்க ஒரு படித்தவர். இன்று ஒரு வண்ண நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேல்கை நடுவில் சுற்றினால், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. நைஜரில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்களிடமே நாடாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுகாதாரப் பணியாளர் அளவுக்கே அவர்களும் சரியாக அளந்தார்கள். நோய் முற்றும் முன்பே பிள்ளை வந்து சேர்ந்தது. இந்த முழு வரலாற்றிலும் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். அன்று தாய் குற்றவாளி, வளர்க்கத் தெரியாதவள். இன்று அளப்பவளும் அவளே, ஊட்டுபவளும் அவளே.

தமிழ்நாடு இதைத் தன் வழியில் கொஞ்சம் முன்பே தொட்டது. 1970-களில் மதுரை எர்ஸ்கின் அரசு மருத்துவமனையில் கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, வைட்டமின் ஏ குறைவால் பார்வை போகும் நிலையில் வந்த பிள்ளைகளுக்காக ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். மருந்தோடு, தாயையும் கூட வைத்துக்கொண்டு கீரையும் பயறும் சமைக்கக் காட்டுவது அதன் முறை. 1980-ல் உலக வங்கிக் கடனோடு வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இன்னும் துணிச்சலானது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் முன்னோட்டம் பார்த்துத் தொடங்கினார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்ப்பது, எடை ஏறாமல் நின்றதும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுப்பது, எடை ஏறியதும் நிறுத்துவது. எல்லாருக்கும் எல்லா நாளும் என்பதல்ல, சறுக்கும் பிள்ளைக்குச் சறுக்கும்போது. மூன்று வயதுக்குக் கீழே கவனம் வை என்பதை அது தெளிவாகச் சொன்னது. 1982-ல் வந்த சத்துணவுத் திட்டத்தின் புகழில் இந்தத் திட்டம் மறைந்துவிட்டது நமக்கு நஷ்டம்.

கடலை விழுதை இந்தியா எளிதில் ஏற்கவில்லை. 2009-ல் யுனிசெஃப் கொண்டுவந்ததை மத்திய அரசு நிறுத்தச் சொன்னது. 2017-லும் மாநிலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பொட்டலம் வந்தால் வீட்டுச் சாப்பாடு போய்விடும், கம்பெனிக்காரன் அங்கன்வாடிக்குள் நுழைந்துவிடுவான் என்ற பயம் வெறும் பயமல்ல, பால்பவுடர் கம்பெனிகளிடம் பட்ட பாடு இருக்கிறது. ஆனால் சத்துமாவுக் கஞ்சியால் இந்தப் பிள்ளை தேறும் என்பதும் வீம்பு. சிறிய வயிற்றில் தேவையான கலோரி அடங்க அது போதாது. வேலூர் உள்பட மூன்று இடங்களில் நடந்து 2016-ல் வெளியான இந்திய ஆய்வில், உள்ளூரில் செய்த விழுது கொடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேர் குணமானார்கள், வீட்டிலேயே சமைத்த சத்துணவில் 43 பேர். விழுதை நாமே செய்யலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2022 மே மாதம் நீலகிரியில் தமிழக அரசு தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் கடுமையாக நலிந்த பிள்ளைகளுக்கு இந்த உடனடிச் சிகிச்சை உணவு கொடுக்கப்படுகிறது. சரியான முடிவு.

இன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அதே இந்திய ஆய்வில், சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலான பிள்ளைகள் மறுபடி சரிந்திருந்தார்கள். பொட்டலம் நோயை மாற்றும், அடுப்பை மாற்றாது. வீக்கம் ஏன் ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொன்றுக்கு வருவதில்லை என்று கோபாலன் கேட்ட கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. மலாவியின் இரட்டைப் பிள்ளைகளின் குடல் கிருமிகளில் ஒரு துப்பு இருப்பதாக 2013-ல் கண்டார்கள். வங்கதேசத்தில் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் கலந்த, குடல் கிருமிகளையும் தேற்றும் உணவு ஒன்றை மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

2024 கணக்குப்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு கோடியே 22 லட்சம் குழந்தைகள் கடுமையாக மெலிந்தவர்கள். ஒரு பிள்ளை தேற ஏறக்குறைய ஒரு பெட்டி, 150 பொட்டலம் போதும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்தப் பெட்டிகள் அங்கேயே கிடங்குகளில் தேங்கி நின்றன. தமிழ்நாட்டிலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நூற்றுக்கு 5.5 பிள்ளைகள் இப்படிக் கடுமையாக மெலிந்த நிலையில் இருந்தார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பேரப்பிள்ளையோ, செங்கல் சூளையில் வேலை செய்பவரின் குழந்தையோ மெலிந்தோ, காரணமில்லாமல் உப்பியோ தெரிந்தால், இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் கொழுகொழு என்று சந்தோஷப்படாதீர்கள், சத்து டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மெலிவு மட்டும் என்றால் பக்கத்து அங்கன்வாடியில் கையை அளக்கச் சொல்லுங்கள். அளப்பதற்குக் காசு கிடையாது.